நாற்பத்து மூன்றாவது புள்ளி

1971 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருபது நிமிடம். வெளியே மூன்று டிகிரி. மழை என்றும் சொல்ல முடியாது, மழை இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹாம்பர்க்கில் அந்தத் தூறலுக்கு யாரும் குடை விரிப்பதில்லை. நான் மட்டும் விரிப்பேன். அந்த நேரத்தில்தான் பல் மருத்துவ அம்மாள் ஃப்ராவ் டாக்டர் பெக்மான், நான் சுத்தம் செய்து சட்டம் போட்டு வைத்திருந்த படத்தைக் கடையின் நீள மேஜைமேல் நிமிர்த்தி வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைக் கேட்டார்.

“நரி எங்கே?”

நேரம் இவ்வளவு துல்லியமாக எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை இப்போது எழுதக் காரணம் கோபிநாத். வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை பார்க்கும் பையன். தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவன், என் கல்யாணப் போட்டோவைக் கணினியில் ஏற்றிக் காட்டினான். “அங்கிள், ஒரே கிளிக். ஸ்பாட் எல்லாம் ஆட்டோமேட்டிக்கா போயிடும் பாருங்க.” போய்விட்டது. ஐம்பது வருடக் கறை ஒரு நொடியில் போனதைப் பார்த்து வயிறு எரிந்தது. பிறகு உற்றுப் பார்த்தேன். என் மனைவி ராஜேஸ்வரியின் கன்னத்து மச்சத்தையும் காணோம்.

“தம்பி, அவ சமையல்கட்டுலேருந்து வர்றதுக்குள்ள அதைப் பழையபடி வச்சிரு” என்றேன்.

“மச்சமா? ஸ்பாட்டுன்னு நெனச்சிடுச்சு அங்கிள்.”

“நெனைக்கும். நானும் நெனைச்சிருக்கேன்.”

அந்தக் கதையை எழுதித் தருமாறு கேட்டான். எழுதுகிறேன். என்னைவிட அந்த மென்பொருள் ஒன்றும் மோசமில்லை என்பதற்காவது பயன்படும்.

நான் சிவகாசிக்காரன். அப்பா லித்தோ அச்சகத்தில் காலண்டர் அடித்தவர். மெட்ராஸில் அச்சுத் தொழில் டிப்ளமா வாங்கினேன். 1964இல் அச்சு இயந்திரம் ஓட்டிப் பழக ஓராண்டுப் பயிற்சிக்குத் தெற்கு ஜெர்மனி வந்தேன். அனுப்பி வைத்த முதலாளி நான் திரும்புவதற்குள் அச்சகத்தை விற்றுவிட்டார். மூன்று ஊர், இரண்டு சான்றிதழ், ஒரு கம்பளிக் கோட்டு. இவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். 1966 அக்டோபரில் ஹாம்பர்க்கில் ஹெர் (நம் ஊர்த் ‘திரு’) ஹார்ம்ஸின் கடையில் சேர்ந்தேன். எந்த வண்ணத்தைக் காட்டினாலும் அதே வண்ணத்தைக் கலந்து காட்டுவேன் என்பதற்காக எடுத்துக்கொண்டார்.

ஹார்ம்ஸ் விற்றது பழைய ஆங்கிலேய அச்சுப் படங்கள். செப்புத் தகட்டில் கோடு செதுக்கி அச்சடித்து, மேலே கையால் வண்ணம் தீட்டியவை. அந்தப் படங்களை நம்பினால் ஆங்கிலேயக் கிராமத்தில் இரண்டே வேலைகள்தான். மதுக்கடை வாசலில் குடிப்பது. குடித்து முடித்ததும் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு குதிரையேறி நரியைத் துரத்துவது. யாரும் நாற்று நடவில்லை, துணி துவைக்கவில்லை. ஹாம்பர்க் ஆட்களுக்குத் தாங்கள் பாதி ஆங்கிலேயர் என்றொரு நினைப்பு உண்டு. கப்பல் ஏஜெண்டுகள், வக்கீல்கள், மருத்துவர்கள் எல்லோருக்கும் சுவரில் ஒரு வேட்டைப் படம் தொங்கியாக வேண்டும். நானோ சைவச் சாப்பாட்டுக்காரன். மதுவின் வாடை பட்டாலே தலைவலி வரும். இருந்தும் முதல் நான்கரை ஆண்டுகளில் அந்தப் படங்களில் என் கையால் கறை நீங்கிய பீர்க் குவளைகள் 1,184. எண்ணி வைத்திருக்கிறேன். எதற்கு எண்ணினேன் என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் ஏறினாலும் தலைகளை எண்ணுவேன், படியேறினாலும் படிகளை எண்ணுவேன். எண்ணாவிட்டால் ஏதோ தொலைந்துவிட்டதுபோல இருக்கும்.

ஹார்ம்ஸ் அறுபது வயதுக்காரர், உயரம், சாம்பல் நிற மேலங்கிக்குள் எப்போதும் டை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்து மூடுவார். அவ்வளவுதான். ஆனால் அந்த இழுப்பறை மூடும் சத்தத்துக்கு நான் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் வயதுக்கு முன்பே பயந்திருக்கிறேன். படத்தை ஒரு கையால் தூக்கக் கூடாது. தாளின் கீழே இரண்டு உள்ளங்கைகளும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி வைத்திருந்தார். எந்தப் படத்தைத் தொடுவதற்கு முன்னும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் பார்க்க வேண்டும். சும்மா பார்க்க வேண்டும்.

சும்மா பார்ப்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால் எண்ணுவேன். கால் மணி முடிந்ததும் வந்து கேட்பார்.

“என்ன பார்த்தீர்கள், ஹெர் சண்முகவேல்?”

“குதிரை ஆறு, நாய் பதினொன்று, குவளை மூன்று.”

“நான் உங்களை எண்ணச் சொல்லவில்லை.”

“எண்ணினால்தான் எனக்குக் கண் தெரியும்.”

பெருமூச்சு விட்டு, தினமும் தின்னும் ஆப்பிளை நறுக்கப் போய்விடுவார். அவருடைய ஜெர்மனைத் தமிழில் எழுதினால் இப்படி விறைப்பாகத்தான் வரும். அவரும் அப்படித்தான் நிற்பார்.

பழைய தாளில் காலம் போகப் போகப் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். ஈரச் சுவரில் தொங்கிய படங்களில் அதிகம். வண்ணம் தீட்டாத படமென்றால் முழுத் தாளையும் நீரில் போட்டு வெளுக்கலாம். கையால் வண்ணம் தீட்டியதை அப்படிப் போட்டால் வேட்டைக்காரர் கோட்டின் சிவப்பு குதிரைமேல் வழியும். ஆகவே புள்ளி புள்ளியாக எடுக்க வேண்டும். லென்ஸை நெற்றியில் மாட்டிக்கொண்டு, மூன்றே மயிர் உள்ள தூரிகையால் வெளுப்பு நீரைப் புள்ளியின் நடுவில் தொட்டு வைக்க வேண்டும். அறுபது வரை எண்ணிவிட்டு நல்ல தண்ணீரால் தொட்டு, ஒற்றுத்தாளால் ஒற்ற வேண்டும். புள்ளி மங்கும். மறுபடி தொட வேண்டும். ஒரு புள்ளிக்கு எட்டு, பத்து முறை கூட ஆகும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. எனக்கு ஏற்ற வேலை என்று நினைத்திருந்தேன்.

ஃப்ராவ் டாக்டரின் படம் பிப்ரவரி கடைசியில் வந்தது. அந்த வாரம் ஹார்ம்ஸுக்குக் காய்ச்சல். படத்தைக் கையில் வாங்கியதோடு வீட்டுக்குப் போனவர் பத்து நாள் வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தனியாக நின்று பார்த்தேன். கிராமத்து மதுக்கடை வாசல். வேட்டைக்குப் புறப்படுவதற்கு முன் குதிரையிலிருந்தபடியே குடிக்கிறார்கள். கடைக்காரர் தட்டேந்தி நிற்கிறார். ஆட்கள் ஏழு, குதிரை எட்டு, நாய் பத்தொன்பது (ஒன்றுக்கு வால் மட்டும் தெரிகிறது), குவளை ஐந்து. வலப்பக்கம் வேலி, அதற்குப் பின்னால் மேடு. படமெங்கும் பழுப்புப் புள்ளி, நாற்பத்து மூன்று. மூன்றரை நாளில் நாற்பத்து மூன்றையும் எடுத்தேன். கடைசிப் புள்ளி மட்டும் ரொம்பப் பிடிவாதம் பிடித்தது, பதினேழு தடவை தொட்டேன். அது போனதும் எழுந்து நின்று கைகளை உதறி எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அந்தக் கடைசிப் புள்ளிதான் நரி. நாற்பத்து மூன்று புள்ளி எடுத்தேன் என்று ஃப்ராவ் டாக்டரிடம் பெருமையாக வேறு சொல்லியிருந்தேன்.

“நாற்பத்து மூன்றில் ஒன்றுக்குக் கால்கள் இருந்தனவே” என்றார் ஃப்ராவ் டாக்டர். “வால்கூட இருந்தது. கவனிக்கவில்லையா?”

வாய் சும்மா இருந்திருக்கலாம். “வேட்டை இன்னும் தொடங்கவில்லையே, ஃப்ராவ் டாக்டர். அதற்குள் நரி எதற்கு?” என்று கேட்டுவிட்டேன்.

பின்னால் இழுப்பறை மூடும் சத்தம் கேட்டது. காய்ச்சலிலிருந்து எழுந்து ஹார்ம்ஸ் வேலைக்கு வந்த முதல் நாள் அது.

ஃப்ராவ் டாக்டரின் மருத்துவமனை ஒரு பள்ளிக்கூடத்தின் எதிரே இருந்தது. காத்திருக்கும் அறையில் அழாத பிள்ளை கிடையாது. அந்தச் சுவரில்தான் படம் தொங்கியது. அழும் பிள்ளையிடம், ‘நான் கூப்பிடுவதற்குள் நரியைக் கண்டுபிடி பார்ப்போம்’ என்பாராம். பிள்ளை அழுகையை மறந்து தேடும். மேட்டின் புல்லுக்குள் கட்டைவிரல் நகமளவு நரி, வேலிக்குப் பின்னாலிருந்து குடிகாரர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவருடைய தொழிலில் ஊசிக்கு முந்தைய மருந்து அது.

ஹார்ம்ஸ் தொண்டையைச் செருமினார். “இந்தத் தகட்டின் வேறு பிரதிகளை நான் பார்த்திருக்கிறேன். எதிலும் நரி கிடையாது. எப்போதோ யாரோ தூரிகையால் சேர்த்திருக்கிறார்கள். தொழில் கணக்கில் இந்தப் படம் இப்போதுதான் சரியாக இருக்கிறது.”

எனக்குப் பாதி உயிர் வந்தது. அரை நிமிடம்தான்.

“என் நோயாளிகளுக்குத் தொழில் கணக்கு தெரியாது, ஹெர் ஹார்ம்ஸ். அவர்களுக்கு நரி வேண்டும். வரைந்து கொடுங்கள்.”

“என் கடையில் பழைய தாளின்மேல் புது வண்ணம் ஏறாது.”

“அப்படியானால் அடுத்த செவ்வாய் மாலையோடு படத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறேன். ஏன் என்று கேட்கிற மருத்துவர்களுக்கெல்லாம் காரணத்தையும் சொல்வேன்.” படத்தை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதி மருத்துவர்கள்.

என் தங்கும் அனுமதி மார்ச் 31இல் முடிகிறது. நீட்டிக்க முதலாளியின் கடிதம் வேண்டும். நீட்டித்தால்தான் முந்தின ஆண்டு கல்யாணம் செய்து சிவகாசியில் விட்டுவந்த ராஜேஸ்வரிக்கு விசா கேட்கலாம். அவள் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். சிவகாசி வெயிலில் ஸ்வெட்டர் தேடி வாங்கி, போட்டுப் பார்த்து, வியர்த்து, கடிதமும் எழுதியிருந்தாள். ‘கவனமான பணியாளர்’ என்று தட்டச்சு செய்த ஹார்ம்ஸின் கடிதம் கையெழுத்து இல்லாமல் அவர் மேஜையில் கிடந்தது. அதன்மேல் விரலை வைத்தார்.

“ஃப்ராவ் டாக்டர் திருப்தியடைந்தால் கையெழுத்திடுகிறேன். இன்று இட்டால் இதிலுள்ள ஒரு சொல் பொய்யாகிவிடும்.”

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் நானும் நடராசா அண்ணனும் இருந்தோம். யாழ்ப்பாணத்துக்காரர். கப்பல் சமையலாளாக வந்து கரையிறங்கி, மீன் குளிர்சேமிப்புக் கிடங்கில் வேலை பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கட்டிலில் உருண்டு சிரித்தார்.

“என்ன ஐசே செய்தனீர்! ஏழு பேர், எட்டுக் குதிரை, பத்தொன்பது நாய். நூற்றைம்பது வருசமாத் துரத்தியும் அவையளுக்கு ஏலாத வேலையை, நீர் மூண்டு மயிர்த் தூரிகையால முடிச்சுப்போட்டீர்!”

“அண்ணே, சிரிக்காதீங்க. வேலை போயிடும். ராஜேஸ்வரி ஸ்வெட்டர் வாங்கிட்டா.”

“அதை எனக்கு அனுப்பச் சொல்லும். கிடங்குக்குள்ள குளிர் தாங்கேலாது.”

நாலு நாள் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டிலில் கவிழ்ந்து கிடந்தேன். நடராசா அண்ணன் குளித்துவிட்டு ஊதுபத்தி ஏற்றினார். அதைப் பற்றி வீட்டுக்கார அம்மாளுக்குப் புகார் உண்டு. சுவரில் ஒரு முருகன் படம், என் அப்பா அடித்த காலண்டரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டது. வெள்ளிதோறும் சந்தனம் குழைத்து அதற்குப் பொட்டு வைப்பார். கும்பிடுவதற்காகத் தலையைத் தூக்கினேன்.

“அண்ணே, பொட்டைக் காதுல வச்சிருக்கீங்க.”

“விசர்க்கதை கதையாதையும். எழும்பி இஞ்ச வந்து பாரும்.”

எழுந்து போனேன். பொட்டு நெற்றியில்தான் இருந்தது. கட்டிலுக்குத் திரும்பினேன். காதுக்குப் போயிருந்தது. மறுபடி எதிரே போனேன். நெற்றி. கட்டில். காது. சந்தனம் முருகன்மேல் இல்லை, கண்ணாடிமேல் இருக்கிறது. பிறந்ததிலிருந்து சாமி படங்களைக் கும்பிடுகிறேன். எந்த வீட்டிலும் யாரும் சாமியின் நெற்றியில் பொட்டு வைத்ததில்லை, கண்ணாடியில்தான் வைத்திருக்கிறார்கள். முப்பத்தோரு வயதில்தான் அது என் கண்ணில் பட்டது. நாலாவது தடவை நடந்தபோது நடராசா அண்ணன் ஊதுபத்தியைக் கீழே வைத்தார்.

“என்ன ஐசே, நரி போன கவலையில காவடியே எடுக்கிறீர்?”

மறுநாள் ஹார்ம்ஸிடம் போய், நரியைத் தாளில் வரையாமல் கண்ணாடியின் உட்பக்கத்தில் வரைகிறேன் என்றேன். படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை இரண்டடுக்கு என்பதால் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. அவர் அளவுகோலை எடுத்து அளந்தார். நான்கு மில்லிமீட்டர். ஆப்பிளை முழுதாகத் தின்று முடிக்கும்வரை யோசித்தார்.

“கண்ணாடி தாள் அல்ல” என்றார் கடைசியில். “ஆனால் சட்டத்தின் பின்புறம் எழுதி ஒட்ட வேண்டும். நரி கண்ணாடியில் உள்ளது, ஆண்டு 1971 என்று. சரி, நரி எந்த இடத்தில் இருந்தது?”

நாற்பத்து மூன்று புள்ளி இருந்தது தெரியும். நாற்பத்து மூன்றாவது மேட்டில் எந்தப் புல்லுக்குள் இருந்தது என்பது தெரியாது. எண்ணிக்கையில் இடம் இருக்காது.

“அங்கேயே போய்க் கேளுங்கள்” என்றார்.

திங்கட்கிழமை படத்தைச் சுமந்துகொண்டு ரயிலேறினேன். வளைவில் ஒரு கனத்த மனிதர் என்மேல் சாய்ந்ததில் கண்ணாடி விரிசல் விட்டது. தாளுக்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்தேன். செவ்வாய்க் காலை புதுக் கண்ணாடியைத் துடைக்கும்போது என் கட்டைவிரலே அதை உடைத்தது. மூன்றாவது கண்ணாடியோடு மாலை மூன்று மணிக்கு மருத்துவமனையில் இருந்தேன்.

ஃப்ராவ் டாக்டர் யாரோ ஒருவர் வாய்க்குள் கைவிட்டிருந்தார். “பிள்ளைகளைக் கேளுங்கள்” என்று உள்ளேயிருந்து கத்தினார். “என்னைவிட அவர்கள்தான் அதிகம் பார்த்தவர்கள்.”

காத்திருக்கும் அறையில் மூன்று பிள்ளைகள். கன்னம் வீங்கிய ஒரு பையன், இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், அவள் தம்பி.

“நீங்கதான் நரியைத் தொலைச்சவரா?” என்றாள் சடைக்காரி.

“ஆமாம்.”

“எப்படித் தொலைப்பீங்க? அது படத்துக்குள்ளதானே இருந்துச்சு?”

எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டேன். வேலிக்கு மேலே என்றாள் அவள். இல்லை, மேட்டில் என்றான் பையன், வீங்கிய கன்னத்தோடு. சண்டை மூண்டது. நாற்காலியில் ஏறி மூன்று பேரும் கண்ணாடியில் விரல் வைத்தார்கள். மூன்று விரலும் ஒரு காசுக்குள் அடங்கும் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றன. அவர்களில் ஒருவரும் எதையும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மெழுகுப் பென்சிலால் குறித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் திருப்பி, எனாமல் வண்ணத்தில் வரைந்தேன். 

“இது நாய்” என்றான் பையன். ஏற்கெனவே பத்தொன்பது இருக்கிறது. டர்பன்டைனால் துடைத்தேன். அடுத்தது பூனை என்றார்கள். துடைத்தேன். மூன்றாவதைச் சடைக்காரி தலை சாய்த்துப் பார்த்தாள்.

“அணில் மாதிரி இருக்கு. பரவாயில்லை. கண்ணு வையுங்க, அது அவங்களைப் பார்க்கணும்.”

ஊசி முனையால் சுரண்டிக் கண் வைத்தேன். நரியாகிவிட்டது. எனக்கே ஆச்சரியம். காய்ந்ததும் சட்டத்தில் பூட்டிச் சுவரில் மாட்டினேன். தம்பிப் பயல் நாற்காலிக்குப் போகத் திரும்பியவன் நின்றான். ஓரடி பின்னால் வைத்தான். ஓரடி முன்னால் வைத்தான்.

“அக்கா! நரி நடக்குது!”

பிறகு அந்த அறையில் யாரும் உட்காரவில்லை. கதவுப் பக்கம் போனால் நரி வேலிக்குள் ஒளிந்தது. ஜன்னல் பக்கம் போனால் மேடேறியது. அதன் கீழே தாளில் மெல்லிய நிழல் ஒன்று கூடவே ஓடியது. கூச்சல் கேட்டு ஃப்ராவ் டாக்டர் முகமூடியோடு வெளியே வந்தார். இடப்பக்கம் போனார், வலப்பக்கம் வந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை போய்வந்தார்.

“முன்பு ஒளிந்துகொண்டிருந்தது” என்றார். “இப்போது தப்பித்துக்கொண்டிருக்கிறது. ஹெர் ஹார்ம்ஸுக்கு நானே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்.”

ஒரு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் என் வாயையே பார்த்தார்.

“உங்களுக்குப் பல் எத்தனை?”

“முப்பத்திரண்டு” என்றேன். இந்த ஒரு கேள்விக்காவது தயங்காமல் பதில் சொன்னேன்.

“வந்து உட்காருங்கள்.” வாயைத் திறக்கச் சொல்லிச் சின்னக் கண்ணாடியால் தட்டித் தட்டி எண்ணினார். “முப்பது. அதில் ஒரு கடைவாய்ப் பல் பாதி உடைந்திருக்கிறது. பயப்படாதீர்கள், பல்லா புள்ளியா என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவேன்.” வாசலில் மூன்று பிள்ளைகளும் நின்று ஆனந்தமாக வேடிக்கை பார்த்தார்கள்.

புதன்கிழமை ஹார்ம்ஸ் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கடிதத்தில் கையெழுத்திட்டார். ஆனால் ஒரு சொல்லைப் பேனாவால் சேர்த்திருந்தார். ‘எண்ணிக்கையில் கவனமான பணியாளர்.’ பல் விஷயம் அதுவரை அவர் காதுக்குப் போகவில்லை. அதிகாரி அதைப் படிக்காமலேயே முத்திரை குத்தினார். ராஜேஸ்வரி ஜூன் மாதம் ஸ்வெட்டரோடு வந்திறங்கினாள். அன்று ஹாம்பர்க்கில் இருபத்தெட்டு டிகிரி.

கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். கண்ணாடி மூன்று, பதினான்கு மார்க் நாற்பது. எனாமல் இரண்டு சிமிழ், மூன்று மார்க் இருபது. ரயில், பல்லுக்காகப் போனதையும் சேர்த்து எட்டுப் பயணம், ஆறு மார்க் நாற்பது. கடைவாய்ப் பல்லின் தங்கத் தொப்பிக்குக் காப்பீடு கொடுத்தது போக என் பங்கு நூற்று இருபத்தைந்து. ஆக, ஒரு நரிக்கு நூற்று நாற்பத்தொன்பது மார்க், சில்லறை இல்லாமல்.